பதினான்கு தாள் விளக்கம்

2011ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை முதல், குன்றத்தூரில் கங்கம்மாள் நடத்திவந்த பெண்கள் விடுதியில் தங்கியவர்கள் எங்கே போய் எழுதினாலும், எந்தப் பேனாவும் ஒரு தாளில் நூற்று அறுபது எழுத்துகளுக்கு மேல் எழுதவில்லை. சொற்களுக்கு நடுவே விட்ட இடமும் அதில் சேர்த்தி. அதே வாரம் தண்ணீர் மோட்டாரும் கெட்டுப்போனது. ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்த்த நாற்பத்தொரு பெண்களும் மோட்டாருக்குத்தான் அதிகம் கவலைப்பட்டார்கள். சாப்பிட்டாயா, ஓகே, ம்ம் என்று அவர்களுக்கு எல்லாம் போனிலேயே முடிந்துவிட்டது. ஒரு குறுஞ்செய்தி எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவே பேனாவும் கொண்டது. "ஓயாம போனை நோண்டிக்கினு இருந்தா கை இன்னா பண்ணும்? பழகுன அளவுக்குத்தான் எழுதும்" என்று சொல்லிவிட்டு, கங்கம்மாள் மோட்டார் மெக்கானிக்கைத் தேடிப் போனார்.

முப்பிடாதிக்கு மட்டும் அது தலைபோகிற விஷயமானது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள்; கார்களுக்கு வயர் கட்டித்தரும் கம்பெனியில் பயிற்சித் தொழிலாளி. வேலை நிரந்தரமாக இன்னும் மூன்றே மாதம். அந்தச் செவ்வாய்க்கு முந்தின நாள் லைன் ஓடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற பூஜா மயங்கிச் சரிந்தாள். சூப்பர்வைசர் இடத்தில் இல்லை. லைனை நிறுத்தும் மஞ்சள் கயிற்றை, பயிற்சியில் இருப்பவர்கள் தொடவே கூடாத அந்தக் கயிற்றை, முப்பிடாதி பிடித்து இழுத்தாள். லைன் பதினோரு நிமிடம் நின்றது. தான் இடத்தில் இல்லாததை மறைக்க சூப்பர்வைசர் வேறு கதை எழுதிக் கொடுக்க, செவ்வாய்க்கிழமை மெமோ வந்துவிட்டது. காரணமின்றி லைனை நிறுத்தியதற்கு மூன்று நாளுக்குள் சொந்தக் கையெழுத்தில் விளக்கம் தர வேண்டும், தவறினால் வேலை இல்லை. வேலை போவதைவிட அந்தக் 'காரணமின்றி'தான் அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் படித்தபடி அனுப்புநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான நிறுவனத்தில் என்று எழுதினாள். நூற்று அறுபது தீர்ந்தது. பேனாவை மாற்றினாள், பென்சிலால் எழுதிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அனுப்புநரிலிருந்தே தொடங்கியதில் ஒன்பது தாள் கிழிந்தது. எந்தத் தாளிலும் பூஜா இன்னும் மயங்கி விழவில்லை.

கெடு முடிகிற நாள் காலை, கம்பெனி பஸ் மணிமங்கலம் தாண்டும்போது பூஜாவிடமிருந்து செய்தி வந்தது. வல்லத்தில் வீட்டோடு படுத்திருந்தாள். "நா வுழுந்ததும் இன்னா ஆச்சு? யாருமே சொல்ல மாட்டேன்றாங்க." முப்பிடாதி தட்டினாள்: "ஏட்டி, ஒன் சடை பெல்ட்டுக்குள்ள போயிட்டு இருந்துச்சு. நான் கத்துனேன். சத்தத்துல யாருக்கும் கேக்கல." உடனே பதில்: "அப்புறம்?" "கயித்தப் பாத்தேன். தொடக்கூடாதுன்னு தெரியும். கை போயிட்டு." "அப்புறம்?" கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தது. படப்பையில் எட்டு செய்திகள், ஒரகடம் கூட்டு ரோட்டில் பதினான்கு. இறங்கும்போதுதான், விளக்கக் கடிதம் தன் கையில் ஒளிர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, கேன்டீனில் உட்கார்ந்து, ஒரு செய்திக்கு ஒரு தாள் என்று போனைப் பார்த்துக் கையால் எழுதினாள். ஆங்கில எழுத்தில் அடித்ததைத் தமிழில் எழுதியதால் இடம் மிச்சம்கூட இருந்தது. ஏட்டியை எடுக்கவில்லை; ஐயாவைச் சேர்க்கவும் இல்லை.

மனிதவள அதிகாரி வசந்தகுமார், எந்த விளக்கத்திலும் முதல் இரண்டு வரிக்கு மேல் படித்தவர் அல்ல. முதல் தாளை எடுத்ததும் டிங் என்று செய்தி வந்த ஓசை கேட்டது. போனை எடுத்துப் பார்த்தார், ஒன்றும் இல்லை. ஓசை தாளிலிருந்துதான் வந்தது. படித்தார். இரண்டாவது தாள் டிங் என்றது. ஏழாவது தாளில் தன்னையறியாமல் "அப்புறம்?" என்று உரக்கக் கேட்டுவிட்டார், வெளியே நின்ற முப்பிடாதிக்கும் அது கேட்டது. பதினான்காவது தாளில் இவ்வளவுதான் இருந்தது: "நீ கண்ணு முழிச்சு தண்ணி கேட்ட. குடுத்துட்டு என் எடத்துக்குப் போயிட்டேன். இதாம்டி காரணம்." வசந்தகுமார் மெமோவில் 'காரணமின்றி'யை அடித்தார். பிறகு மெமோவையே அடித்தார்.

ஐப்பசியில் முப்பிடாதிக்கு வேலை நிரந்தரமானது. விடுதிப் பெண்கள் ஊருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். ஒன்பது தாள், பன்னிரண்டு தாள் என்று உறைகள் பருத்தன. தபால்காரர் பை ஒலித்துக்கொண்டே தெருவில் போனது. 2014இல் புதுப் போன்களில் அளவில்லாத செய்திகள் வந்த பிறகு பேனாக்களும் நூற்று அறுபதைத் தாண்டி ஓடின. யாரும் ஒரு வாரம் வரை கவனிக்கவில்லை. 2015இல் முப்பிடாதி லைன் லீடர். மஞ்சள் கயிற்றை யார் வேண்டுமானாலும் இழுக்கலாம் என்று நாற்பது பக்கம் எழுதிக் கொடுத்து விதியை மாற்ற வைத்தாள். இப்போதெல்லாம் அந்தக் கம்பெனியில் தாளைப் புரட்டும்போது டிங் என்று கேட்டால், யாரும் போனைத் தேடுவதில்லை. உட்கார்ந்து படிக்கிறார்கள்.