மொட்டைக் கழகம்

வீரையன் பெண்சாதி ஆனந்தவல்லி மொட்டைத் தலையோடு வாசலில் வந்து நின்ற அன்றைக்குச் சேந்தங்கரை மேலத்தெருவில் பாதி வீட்டில் உலை வைக்கவில்லை. பேசவே நேரம் போதவில்லை. இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. வயசு இருபத்தெட்டு. எந்தச் சாமிக்கு, என்னத்துக்கு என்று ஆளுக்கொரு பக்கமாகத் துருவினார்கள்.

மாமியார் பொன்னுத்தாய் பதிலைத் தயாராக வைத்திருந்தாள். "சமயபுரத்தாளுக்கு நேந்துக்கிட்டா. நம்ம வயல்ல எண்ணெய்க் கிணறு தோண்ட வந்திருக்கானுங்களே, அவனுங்க திரும்பிப் போவணும்னு."

இதைவிடத் தோதான பொய் அந்த வருஷம் ஊரில் கிடைத்திருக்காது. கம்பெனிக்காரன் நடவு வயலை ஒட்டி வேலி போட்டு இரும்புக் கோபுரம் மாதிரி ஒரு மிஷினை நிறுத்தியிருந்தான். கையெழுத்துப் போட்டது அவங்க ஆட்சியில் என்று ஆளுங்கட்சி சொன்னது, இவங்க ஆட்சியில் என்று எதிர்க்கட்சி சொன்னது. போராட்டப் பந்தலில் மட்டும் இரண்டு கொடியும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே கம்பத்தில் பறந்தன. அந்த நேரம் பார்த்து ஒருத்தி ஊருக்காக முடியைக் கொடுத்தாள் என்றால் சும்மா விடுவார்களா? அதுவரை அவளை மலடி என்று ஜாடை பேசிய பக்கத்து வீட்டுக் கோமளாவே முதல் ஆளாக வந்து அவள் தலையில் சந்தனம் தடவினாள்.

மார்பில் கட்டி வந்ததும், தஞ்சாவூரில் அறுத்து எடுத்ததும், கீமோ ஏற்றியதில் தலையணையெல்லாம் முடியாகக் கிடந்ததும் அவளைத் தவிர வீட்டுக்குள் மூன்று பேருக்குத்தான் தெரியும். நாத்தனார் சாவித்திரிக்குத் தையில் கல்யாணம். கேன்சர் வந்த வீடு என்று ஒரு சொல் போனால் போதும், மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ரத்த உறவு ஏது என்று கேட்க ஊரில் ஒரு ஆள் கிடையாது.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஆனந்தவல்லி "சமயபுரம்" போனாள். போகும்போது நடந்து போவாள், வரும்போது வீரையன் தாங்கிக்கொண்டு வருவான். கொல்லையில் குடலே வெளியே வருகிற மாதிரி அவள் வாந்தி எடுப்பதைக் கோமளா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்தா வந்து எறங்குன ஒடம்பு அப்படித்தான் ஒடியும்" என்று தெருவுக்கு விளக்கம் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் ரத்த ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிற தாழ்வாரத்தில்தான் கூத்தாநல்லூர் ஹமீதா பானு பழக்கம். அவளுக்குக் கழுத்தில் நெறிகட்டிய கேன்சர். புருஷன் ஷார்ஜாவில். அவனிடம் இவளுக்கு அல்சர் என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

"எந்தக் கோயிலு?" என்றாள் ஹமீதா, முதல் பேச்சே அதுதான்.

"சமயபுரம்."

"எனக்கு முக்காடு இருக்கு. நீ பாவம், ஒரு சாமியையே கூப்பிட வேண்டியதாப் போச்சு."

அறுத்த இடம் தையல் இழுக்க இழுக்க ஆனந்தவல்லி சிரித்தாள். அத்தனை நாளில் அவளைப் பார்த்து, இந்த வயசிலயா என்று உச்சுக் கொட்டாத முதல் ஆள் அவள்தான்.

திருக்காட்டுப்பள்ளியில் ஆட்டோ ஓட்டும் நடராசனும் கீமோவுக்கு வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டதும் ஹமீதா கட்சி ஆரம்பித்துவிட்டாள். மொட்டைக் கழகம். அவளே பொதுச் செயலாளர். நடராசன் பொருளாளர், கஜானாவில் குமட்டலுக்கு ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய். ஊரையே நம்பவைத்தவள் என்பதால் ஆனந்தவல்லி கொள்கை பரப்புச் செயலாளர். கொள்கை ஒன்றே ஒன்று: "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்கிறவர் கழகத்தின் அடிப்படை உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கப்படுவார்.

வீட்டில் வாயெடுக்க முடியாததெல்லாம் அங்கேதான் பேசுவார்கள். வாய்ப்புண் வராமல் இருக்க, ஊசி ஏறும்போதே ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொள்வது. புருஷன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பது. இனிமேல் பிள்ளை உண்டா என்று டாக்டரிடம் கேட்கப் பயந்து திரும்பி வந்தது.

ஐந்தாவது கீமோவில் ஹமீதாவுக்கு மருந்து கேட்கவில்லை என்று தெரிந்தது. அவள் ஊறுகாயை நக்கிக்கொண்டே சொன்னாள்: "எங்கம்மா நான் வீட்ல சிரிச்சே பாக்கல. அது அழுவுற அழுகையில சிரிக்கவும் முடியல. நான் போனா, நீ வந்து எங்கம்மாகிட்ட சொல்லணும். ஒம் மவ தஞ்சாவூர்ல வயிறு வலிக்கச் சிரிச்சான்னு. என் மொகத்தைப் பாத்துக்கிட்டே சொல்லு. அப்பதான் நம்பும்."

"வரேன்" என்றாள் ஆனந்தவல்லி. கழகத்தில் அதற்கு மேல் பேசுவதில்லை.

பொய் அதற்குள் வளர்ந்து நின்றது. சாலை மறியலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் ஊர் கூடி ஆனந்தவல்லிக்குக் காப்புக் கட்டியது. மிஷின் ஊர் எல்லையைத் தாண்டும்வரை அவிழ்க்கக் கூடாது, சாவு வீட்டை மிதிக்கக் கூடாது. பொம்பளைக்கு இடது கை. அறுத்த பக்கத்துக் கை அது. வளையல்கூட இறுக்கிப் போடாதே, வீங்கிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பூசாரி மஞ்சள் கயிற்றை இறுக்கி முடிபோட்டபோது பொன்னுத்தாய் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மறியலன்று அவளை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். வெயில் ஏறிய நேரம் நடராசன் போன் பண்ணினான். எப்போதும் கொ.ப.செ. என்று கூப்பிடுகிறவன், "ஆனந்தவல்லி" என்றான். அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. "மத்தியானம் லுஹர் தொழுகையோட எடுக்குறாங்க. அவங்கம்மா ஒன்னத்தான் கேக்குது. மொட்ட போட்ட புள்ள ஒண்ணு வரும்னு சொல்லிட்டுப் போயிருக்கா. கெளம்பும்மா."

எழுந்தாள். கோமளா முந்தானையைப் பிடித்தாள். "எங்கடி?"

"கூத்தாநல்லூர்ல தெரிஞ்ச பொண்ணு எறந்துட்டா. மொகம் பாத்துட்டு வந்துடறேன்."

"காப்புக் கட்டுன கையோடயா?"

கோஷம் அந்த வரிசையில் நின்றுபோனது. சாவித்திரிக்கு மாமனாராகப் போகிற கலியபெருமாள் நல்ல மனுஷன், குரலை உயர்த்தத் தெரியாதவர். துண்டை மடியில் போட்டுக்கொண்டு கேட்டார்: "ஊரே உன் காப்பை நம்பித்தாம்மா ரோட்ல கெடக்கு. அதை முறிச்சிட்டுப் போற அளவுக்கு யாரு அந்தப் பொண்ணு? எங்க பழக்கம்?"

ஒரு வார்த்தை போதும். வேண்டுதலே இல்லை மாமா, ஆஸ்பத்திரிப் பழக்கம். வழி தன்னால் விட்டிருக்கும். வீரையன் மைக்கைப் பிடித்தபடி இவளைப் பார்த்தான், பிறகு தார் ரோட்டைப் பார்த்தான். மோர் ஊற்றிக்கொண்டிருந்த சாவித்திரியின் தம்ளர் நிரம்பி வழிந்தது.

"தெரிஞ்ச பொண்ணுதான் மாமா" என்றாள் ஆனந்தவல்லி. "வேற ஒண்ணுமில்ல."

உட்கார்ந்தாள்.

நிழல் காலடிக்குள் வந்தது, பிறகு கிழக்கே சாய ஆரம்பித்தது. டிவிக்காரன் அவள் அழுவதைக் கிட்டத்தில் எடுத்தான், விவசாயியின் கண்ணீர் என்று ராத்திரி போட்டார்கள். சாயங்காலம் தாசில்தார் வந்து வேலையைத் தற்காலிகமாக நிறுத்துவதாக எழுதிக் கொடுத்தார். இரண்டு கட்சியும் வெடி வெடித்தன. பெண்கள் வரிசையாக அவள் காலில் விழுந்தார்கள். கோமளா இரண்டு தடவை விழுந்தாள். மிஷின் என்னமோ நின்ற இடத்திலேயே நின்றது. அதனால் காப்பும்.

அடுத்த தடவை தாழ்வாரத்தில் நடராசன் மட்டும் உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் நகர்ந்து இடம் விட்டான், அவ்வளவுதான்.

"தொழுகை முடிஞ்சும் கொஞ்சம் வச்சிருந்தாங்க" என்றான். "பொம்பளைங்க பக்கம் என்னை விடல. வாசல்ல நின்னே சொன்னேன், ஒங்க மவ நல்லாச் சிரிக்கும்னு. அந்தம்மா நம்பல. யாரோ ஆட்டோக்காரன் ஆறுதல் சொல்றான்னு நெனைச்சுக்கிச்சு."

"நான் ஒரு நாளைக்குப் போயி..."

"மொகத்தைப் பாத்துக்கிட்டுச் சொல்லச் சொன்னா."

அவள் இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கை முழங்கைவரை வீங்கி, மஞ்சள் கயிறு சதைக்குள் புதைந்து கிடந்தது.

எதிர் பெஞ்சில் புதுசாக ஒரு பெண். திருவாரூர்ப் பக்கம், காலேஜ் போகிற வயசு. முடி இன்னும் கொட்டவில்லை, பின்னலை மடியில் போட்டுத் தடவிக்கொண்டே இருந்தாள். ஆனந்தவல்லியின் தலையைப் பார்த்துவிட்டு மெதுவாக எழுந்து வந்தாள்.

"அக்கா, எனக்கு நல்லாயிடுமாக்கா?"

நடராசன் ஊறுகாய்ப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான்.

ஹமீதா இருந்தால் இந்நேரம், முடி கொட்டுனா சொல்றதுக்கு எந்தக் கோயிலு வச்சிருக்கே என்று கேட்டிருப்பாள். ஆனந்தவல்லி அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"எல்லாம் சரியாயிடும்மா" என்றாள்.

நீக்குவதற்குப் பொதுச் செயலாளர் இல்லை. நடராசன் பாட்டிலை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தான்.