லைட்டைப் போட்டு மருந்தைப் போட்ட கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு வினைச்சொல்லுக்குப் பிறந்தது. 'போடு.' தமிழில் சட்டை போடலாம், சண்டை போடலாம், டீ போடலாம். மருந்தும் போடலாம், லைட்டும் போடலாம். கடைசி இரண்டும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்ததில் ஒரு பஸ் டிரைவரின் கால் கட்டைவிரலுக்கே ஆபத்து வந்தது. கேள்விப்பட்டதிலிருந்து எனக்குக் கை துறுதுறுவென்கிறது.

2

'மருத்துவமனைத் தாழ்வாரத்தின் மௌனம் ஒரு—'

வேண்டாம். மௌனமாவது மண்ணாங்கட்டியாவது! மறுபடி தொடங்குகிறேன்.

டிரைவருக்குச் சர்க்கரை. வலது கட்டைவிரலில் செருப்பு கடித்த புண் ஆறவே மாட்டேன் என்றது. ஆக்சிலேட்டரை மிதிக்கிற கால். விரல் போனால் வண்டியும் போச்சு. மனுஷனுக்கு வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

புண்ணில் சிவப்பு ஒளி பாய்ச்சி, உடனே களிம்பும் தடவினால் சீக்கிரம் ஆறும் என்பது டாக்டரின் திட்டம். ஒளி பாய்ச்சும் இயந்திரம் அடுத்த அறையிலேயே இருந்தது. அவசரத்தில் அவர் வாயில் வந்தது இவ்வளவுதான்: "தினமும் லைட்டைப் போட்டு மருந்தைப் போடணும்."

கூட வந்த தங்கச்சி தலையாட்டினாள். வீட்டுக்குப் போனதும் சமையலறை டியூப்லைட்டைப் போட்டாள், அண்ணன் காலை ஸ்டூலில் தூக்கி வைத்தாள், களிம்பைத் தடவினாள். ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும் நர்ஸ் ஒவ்வொரு முறையும் ரெண்டும் போட்டாச்சா என்று கேட்டாள். போட்டாச்சு என்றார்கள்.

(இவள் இவ்வளவு அப்பாவியா என்று எனக்கும் சந்தேகம் வந்தது. டாக்டர் சொன்னதை உரக்கச் சொல்லிப் பாருங்கள். நீங்களும் சுவிட்சைத்தான் தேடுவீர்கள்.)

3

புண் ஆழமாகிக்கொண்டே போனது. விரலை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். டிரைவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். தங்கச்சிக்குத்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு நாள்கூட விடல டாக்டர். பட்டப்பகல்லயும் டியூப்லைட்டைப் போட்டுத்தான் மருந்து தடவினேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எந்த டியூப்லைட்டு?"

"சமையலறையில இருக்கிறது."

இதை எழுதும்போது நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். வைத்தியம் தோற்கவில்லை ஐயா, இன்னும் தொடங்கவே இல்லை!

தப்பு தன்மேல்தான் என்று டாக்டர் ஒப்புக்கொண்டார். விரலுக்கு இரண்டு வாரம் கெடு கொடுத்தார். அதற்குள் இளஞ்சிவப்பாகப் புதுச்சதை வந்தால் விரல் தப்பிக்கும். அன்றே புண்ணைக் கழுவி ஒளி பாய்ச்சினார்கள், அது முடிந்ததும் களிம்பு. சிவப்பைக் கண்டாலே வண்டியை நிறுத்திப் பழகிய டிரைவர், இதில் மட்டும் போகலாமா என்று நர்ஸைக் கேட்டாராம்.

4

முடிவு ஒன்று: பஸ் கிளம்புகிறது, பயணிகள் கைதட்டுகி— சினிமாத்தனம். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: விரல் போகிறது. எழுத மனசு வரவில்லை. எனக்கு அந்த மனுஷனைப் பிடித்துப்போய்விட்டது.

இன்றோடு கெடு முடிகிறது. நர்ஸ் கட்டை அவிழ்த்துவிட்டாள். கடைசிச் சுற்றுத் துணி மட்டும் புண்ணோடு ஒட்டியிருக்கிறது. டிரைவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"நீயே பாத்துச் சொல்லு" என்றார் தங்கச்சியிடம்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கும் தைரியம் இல்லை.

ஆகவே நீங்கள் வாருங்கள். நர்ஸை நகரச் சொல்லிவிட்டேன். துணியை உப்புத்தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். பிய்த்துவிடாதீர்கள், மெல்ல. என்ன நிறம் தெரிகிறதோ, அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.