ஒரு மூட்டை இருப்பு

மணிமொழிக்கு எல்லாம் பிடிபட்டது. சைபர் போட மட்டும் கை வரவில்லை.

சகாதேவனின் அரிசி மண்டி அவலூர்பேட்டை ரோட்டில் இருந்தது, மில் கீழ்பென்னாத்தூரில். இத்தனை காலமும் அவர் தலைக்குள்ளேயே ஓடிய வியாபாரம் அது. மகன் நச்சரித்து நச்சரித்து, அதை ஈ.ஆர்.பி. என்கிற மென்பொருளுக்குள் ஏற்றச் சம்மதிக்க வைத்துவிட்டான். கொள்முதல், இருப்பு, விற்பனை என்று எல்லாம் ஒரே திரையில். அதைக் கவனித்துக்கொள்ளத்தான் மணிமொழியை எடுத்தார்கள். தீபாவளி வரை பார்ப்பதாகவும், சரிப்பட்டால் நிரந்தரம் என்றும் சொல்லியிருந்தார் சகாதேவன்.

பி.காம். முடித்த கையோடு கல்யாணமாகி, படிப்பைப் பரணில் போட்டவள் அவள். கணவன் பிரகாஷ் செத்துப்போன பிறகுதான் அதை இறக்கித் தூசு தட்ட வேண்டியிருந்தது. அடி அண்ணாமலையில் அவளும் மாமியார் சந்திரம்மாளும் பள்ளிக்கூடம் போகிற மகளும்தான். சம்பாதிக்க வேறு ஆள் கிடையாது. இந்த வேலை கைநழுவினால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் தண்ணீர் பாட்டில் விற்க வேண்டியதுதான்.

சொல்லிக்கொடுக்கச் சென்னையிலிருந்து கவிநிலா வந்திருந்தாள். ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். மணிமொழியைவிடச் சின்னவள், பொறுமைக்காரி. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் மண்டியே கவிழ்ந்துவிடும் என்று மணிமொழி பயந்த நாட்களில் அவள்தான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இதுக்குக் கண்ணு கிடையாது. கோடவுன்ல எட்டிப் பாக்காது. நீங்க சொல்றதைத்தான் அது நம்பும்" என்றாள்.

நம்புகிற ஒன்றிடம் பொய் சொல்லக்கூடாது என்று மணிமொழிக்கும் தெரியும். இருந்தும் சொன்னாள்.

தினமும் சாயந்திரம் கோடவுனில் மூட்டைகளை எண்ணி வந்து திரையில் ஏற்றுவது அவள் வேலை. அன்றைக்குப் பழைய பொன்னி முழுக்கத் தீர்ந்திருந்தது. தரையில் சிந்திய நாலு மணிதான் கிடந்தது. திரும்பி வந்து அந்தக் கட்டத்தில் சைபர் அடித்தாள். அடித்ததை அழித்தாள். ஒன்று என்று அடித்துவிட்டு அவசரமாக எழுந்து போனாள்.

அரிசி தீர்ந்தால் தீர்ந்தது என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை. நிறைந்திருக்கிறது என்பார்கள், கேட்பவருக்குப் புரிந்துவிடும். மணிமொழியும் அப்படித்தான் வளர்ந்தாள். ஒரே ஒரு நாள் காலையில், மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அவசரத்தில், வண்டியைக் கிளப்பிய பிரகாஷிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். "அரிசி இல்லங்க, வரும்போது வாங்கிட்டு வாங்க." சரி என்று போனான். செங்கம் ரோட்டில் லாரி மோதியது.

காரியத்தன்று சொந்தபந்தம் எல்லாம் இருக்க, சந்திரம்மாள் சொன்னாள்: "விடியறப்பவே இல்லனு சொல்லி அனுப்புனா என் புள்ள எப்படித் திரும்பி வருவான்?"

அதற்குப் பிறகு அவள் அதைப் பேசவே இல்லை. பேசவேண்டிய அவசியமும் இருக்கவில்லை, ஒரு தடவையே போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து மணிமொழி வீட்டு அரிசி டின்னின் அடி தெரிய விட்டதில்லை. அந்தச் சொல்லையும் வாயில் வர விட்டதில்லை.

அடுத்தடுத்த நாட்களிலும் அந்த ஒன்றை மாற்றவில்லை. பௌர்ணமி வந்தது. கிரிவலம் வருகிறவர்களுக்குச் சோறு போடும் அன்னதான மண்டபம் ஒன்று பழைய பொன்னிதான் வாங்கும். காலையில் வண்டி வந்து நின்றது. கோடவுனைத் திறந்தால் வெறும் தரை. சகாதேவன் மானத்தை விட்டு மற்ற மண்டிகளில் அலைந்து அரிசி புரட்டி அனுப்பினார். உலை வைக்கவே மதியம் தாண்டிவிட்டது. நடந்து களைத்த சனம் குழந்தைகளோடு வெறும் இலைக்கு முன்னால் காத்துக்கிடந்ததை மண்டபத்து ஆள் போனில் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்பட்டார்.

மறுநாள் கவிநிலா திரையைத் துருவினாள். "இந்த அரிசி தீர்ந்ததும் தானா மில்லுக்கு ஆர்டர் போகும் சார். அப்படித்தான் செட் பண்ணியிருக்கோம். ஆனா இதுல இன்னும் தீரலையே. ஒரு மூட்டை இருக்குதுனு காட்டுது."

"யாரு போட்டது?"

"நான்தாங்க" என்றாள் மணிமொழி.

"எண்ணத் தெரியாதா உனக்கு?"

"தெரியும் சார். ஒண்ணும் இல்லாமதான் இருந்தது. அரிசி இல்லனு போடக் கை வரல."

அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்லியே பழகிய மனிதர் சகாதேவன். கோபம் பாதியில் நின்றது, ஆனால் சிரிக்கவில்லை.

"என் வீட்லயும் அப்படித்தாம்மா சொல்வோம். ஆனா நேத்து அத்தினி பேர் பசியோட உக்காந்திருந்தது உன்னோட அந்த ஒரு மூட்டையால. இங்க உள்ளதை உள்ளபடி போடணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, வேற ஆளைப் பாக்கறேன்."

மணிமொழி உட்கார்ந்தாள். ஒன்றை அழித்தாள். சைபர் அடித்து, கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினாள்.

கண்ணைத் திறந்தபோது திரையில் புதிதாக ஒரு வரி வந்திருந்தது. பழைய பொன்னி வேண்டும் என்று மில்லுக்கு ஆர்டர்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்க்கா. இல்லனு தெரிஞ்சாத்தானே அது கேக்கும்."

சாயந்திரம் மில் லாரி வந்தது. மூட்டைகள் இறங்க இறங்க எண்ணிக்கொண்டே நின்றவளுக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. அந்தக் காலையில் அவள் பிரகாஷிடம் அரிசி கேட்டாள், அவன் சரி என்றான். நடந்தது அவ்வளவுதான். வீட்டுக்கு அரிசி கேட்டாள், அவனைச் சாகச் சொல்லவில்லை. இது இத்தனை நாளும் தெரியாமலா இருந்தது? தெரியும். ஆனாலும் இப்போதுதான் அவளால் அதை நம்ப முடிந்தது. அடுக்கிய மூட்டைகளுக்குப் பின்னால் போய் வாய்விட்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து எண்ணினாள்.

வீட்டுக்கு வந்து உலைக்கு அரிசி எடுத்தபோது டின்னின் அடி தெரிந்தது. கடை நினைப்பே இல்லாமல் வந்துவிட்டிருந்தாள். சந்திரம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அத்தை, அரிசி இல்ல. போய் வாங்கிட்டு வரேன்."

கீரை ஆய்ந்த கை நின்றது. சந்திரம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். மணிமொழி பார்வையைத் தாழ்த்தவில்லை. பிறகு கிழவி முழங்காலைப் பிடித்து எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்து நீட்டினாள்.

"ரோட்டோரமாவே போ" என்றாள். "பாத்து வந்துடும்மா."

மணிமொழி அரிசியோடு தெருமுனை திரும்பியபோது சந்திரம்மாள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.