ஊரில எவடம்?

“உமக்கு ஜூடோ பழக்கிற பிள்ளை, ஊரில எவடம்?”

மாமா மகேந்திரராஜா இதைக் கேட்டபோது கமலினி அவருடைய தட்டில் இடியப்பம் வைத்துக்கொண்டிருந்தாள். சொதி அள்ளப்போன மாமி ராஜகுமாரியின் கை அப்படியே நின்றது. கணவன் மோகனதாஸ் கைபேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்கினான். கேள்வியின் அர்த்தம் அவர்கள் மூவருக்கும் தெரியும். கமலினிக்குத்தான் தெரியவில்லை.

மேலுக்குப் பார்த்தால் இது ஒரு பூகோளக் கேள்வி. பேரைக் கேட்டு, வேலையைக் கேட்டு, மெல்பேர்னில் எந்தப் புறநகரில் வீடு என்று கேட்டு, கடைசியில் அவசரம் காட்டாமல் ஆறுதலாக இதைக் கேட்பார்கள். ஊரின் பெயரைச் சொன்னால் போதாது. கோயிலுக்குக் கிழக்கா, பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பக்கமா, எந்த ஒழுங்கை என்று தோண்டிக்கொண்டே போவார்கள். தோண்டத் தோண்டக் கைக்கு வருவது சாதி. சாதி என்ற சொல்லை மட்டும் யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். அவ்வளவு நாகரிகம்.

கமலினி தலைநகரில், வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு அந்தக் கோயிலின் கிழக்கும் தெரியாது, மேற்கும் தெரியாது. மாமா சந்தோஷப்படுவார் என்று நினைத்து, ஜூடோ பழக்குகிற யோகாவும் அவருடைய ஊர்தான் என்றாள். குளத்தடிப் பக்கமாம், தகப்பன் பெயர் இன்னதாம் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். மாமா கை கழுவ எழுந்துபோனார்.

ஜூடோவுக்கு அவள் வந்து சேர்ந்ததே ஒரு கதை. கமலினி முதியோர் இல்லமொன்றில் தாதி. ஒரு மாலை வேலை முடிந்து காருக்குப் போகும்போது, முன்பின் தெரியாத ஒருவன் அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்துக் கைப்பையைக் கேட்டான். அவளுக்குக் கத்த வரவில்லை. கையை இழுக்கவும் வரவில்லை. யாரோ வருகிற சத்தம் கேட்டு அவனாகத்தான் விட்டுப் போனான். அதன் பிறகு பட்டப்பகலிலும் தனியே காருக்கு நடக்க அவளுக்குக் கால் வராது. மகள் மிருணாளினி விளையாட்டாக மணிக்கட்டைத் தொட்டால்கூட உடம்பு விறைத்தது. இந்தப் பயத்தோடு மிச்சக் காலத்தைக் கழிக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

எதையாவது பழகுவது என்று முடிவானது. எதைப் பழகுவது என்பதில்தான் வீட்டில் ஆளுக்கொரு கதை. குத்துச்சண்டை என்றாள் மகள். மூக்கு உடைந்தால் கலியாண வீடுகளுக்கு எப்படிப் போவது என்றான் மோகனதாஸ். டேக்வாண்டோ வகுப்புக்குப் போய்ப் பார்த்தாள். எல்லாம் அவளுடைய இடுப்பளவு பிள்ளைகள். தலைக்கு மேலே காலைத் தூக்கச் சொன்னார்கள். தொடை பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். கராத்தேயில் வரிசையாக நின்று காற்றைக் குத்தினார்கள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அவளைப் பிடித்தது காற்று இல்லையே. ஒருவர் பிடிப்பதிலிருந்து தொடங்குகிற கலைதான் தனக்கு வேண்டும் என்று தெளிந்தாள்.

கிளேட்டனில் ஒரு ஜுஜிட்சு கிளப் இருந்தது. பழக்குபவர் பிரேசில்காரர். அந்நிய ஆம்பிளை ஒருவன் மருமகளைப் பாயில் போட்டு உருட்டுவதா என்று மாமி காதைப் பொத்திக்கொண்டார். குடும்பத்துக்கு அது சரிவராது என்று மாமாவும் தீர்ப்புச் சொன்னார். ஸ்பிரிங்வேலில் பெண்களுக்கென்றே ஒரு ஜூடோ வகுப்பு நடக்கிறது, பழக்குவது ஒரு தமிழ்ப்பிள்ளை என்று தெரிந்ததும் வீடே நிம்மதியாக மூச்சுவிட்டது.

யோகா பகலில் ஃபிசியோதெரபிஸ்ட். எப்படி விழுவது என்பதைத்தான் முதலில் பழக்கினாள். பிறகு ஒருநாள் கமலினியின் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். கமலினிக்குக் கண் இருண்டது. விடச் சொல்லிக் கெஞ்சினாள்.

“விடமாட்டன் அக்கா,” என்றாள் யோகா. “நீங்கள்தான் எடுக்கோணும். அவசரமில்லை, ஆறுதலா எடுங்கோ.”

எடுத்தாள். யோகாவின் பெருவிரல் பக்கமாகக் கையைத் திருப்பி, ஒரே இழுப்பில் எடுத்தாள். பாயில் இருந்து அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு எழுந்து தனியே காருக்கு நடந்து போனாள். அவர்கள் ஊர்க்கதை பேசியதும் அன்றைக்குத்தான். ஊரின் பெயரைச் சொல்லுமுன் யோகா ஒரு கணம் அவளுடைய முகத்தைப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று கமலினி அப்போது யோசிக்கவில்லை.

இடியப்பத் தட்டை விட்டு எழுந்துபோன மகேந்திரராஜா, யோகாவின் தகப்பனைப் பற்றி விசாரிக்க ரொறன்ரோவில் இருக்கும் பழைய ஊர்ச் சிநேகிதர் ஒருவரை வாட்ஸ்அப்பில் அழைத்தார். விசாவுக்குப் பொலிஸ் ரிப்போர்ட் எடுக்க எத்தனையோ நாள் அலையவேண்டும். இந்த ரிப்போர்ட் ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் வந்துவிட்டது. குளத்தடி ஆட்களைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்த ஊர் அது. நிறுத்திவைத்தவர்களில் மாமாவின் தகப்பனும் ஒருவர்.

அடுத்த வகுப்பு நாள் கமலினி பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது மூவரும் வரவேற்பறையில் காத்திருந்தார்கள். பேசுகிற வேலையை மோகனதாஸின் தலையில் கட்டியிருந்தார்கள். அவன் சுற்றிவளைத்தான். ஸ்பிரிங்வேலில் கார் நிறுத்த இடமில்லை என்றான். கிளேட்டன் கிளப்பில் வசதி கூடுதல் என்றான். அந்தப் பிரேசில்காரர் நல்ல மனுசனாம் என்றும் சொன்னான்.

கமலினிக்கு முதலில் விளங்கவில்லை. அவர்களே வேண்டாம் என்ற இடம் அல்லவா அது? மாமாவைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடியப்பம் வைக்கும்போது அவர் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. யோகா தன் முகத்தைப் பார்த்த பார்வையும் கூடவே வந்தது. கமலினிக்கு வெட்கத்தில் காது சுட்டது. தன் வாயாலேயே யோகாவைக் காட்டிக்கொடுத்திருக்கிறாள்.

“அப்ப, அந்நிய ஆம்பிளை என்னைக் கட்டிப் பிடிச்சு உருட்டலாம்,” என்றாள். “உங்கட ஊர்ப் பொம்பிளை என்ர கையைப் பிடிக்கக் கூடாது. அப்பிடித்தானே மாமா?”

மாமா கதிரையில் அசைந்து உட்கார்ந்தார். “வேர்வையோட வேர்வையா உருளுற விளையாட்டு, பிள்ளை. நாளைக்கு அந்த ஆக்களை வீட்டுக்கையும் கூப்பிட வேண்டி வரும். நாலு பேர் என்ன சொல்லுவினம்?”

மெல்பேர்னுக்கு வந்த நாளிலிருந்து கமலினி அந்த நாலு பேரையும் தேடுகிறாள். ஒருவரையும் கண்டதில்லை. எல்லாப் பழியையும் சுமக்க மட்டும் அவர்கள் எங்கோ இருக்கிறார்கள்.

மாமி சமாதானத்துக்கு வந்தார். போகத்தான் வேண்டுமென்றால் பிள்ளை போகட்டும். ஆனால் திரும்பி வந்ததும், செத்தவீட்டுக்குப் போய்வந்தால் முழுகுவதுபோலத் தலைமுழுகிவிட்டுத்தான் சமைக்கக் குசினிக்குள் கால் வைக்கவேண்டும். இதைப் பெரிய விட்டுக்கொடுப்பு என்று நினைத்துத்தான் சொன்னார். மோகனதாஸும் பிரச்சினை தீர்ந்தது என்று தலையாட்டினான். போட்டு வாறன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கமலினி கதவைத் திறந்தாள்.

வகுப்பில் அவளுடைய முகத்தைக் கண்டதும் யோகாவுக்கு விளங்கிவிட்டது.

“வீட்டில விசாரிச்சிட்டினம் போல,” என்றாள்.

கமலினி ஓம் என்று தலையாட்டினாள். இதற்கு முன் வந்து நின்றுபோன தமிழ்ப் பெண்களைப் பற்றி யோகா சொன்னாள். ஒருத்தியும் உண்மைக் காரணத்தைச் சொன்னதில்லை. ஊர் தெரிந்த அடுத்த கிழமையே எல்லோருக்கும் முழங்கால் வலி வந்துவிடுமாம். சொல்லிவிட்டுக் குனிந்து பாயின் ஓரத்தைச் சரிசெய்தாள்.

“எனக்கு முழங்கால் நல்லாத்தான் இருக்கு,” என்ற கமலினி வலது கையை நீட்டினாள். “இறுக்கிப் பிடியும்.”

வீட்டுக்கு வந்தபோது எல்லோரும் மேசையில் இருந்தார்கள். போகுமுன் அவளே அவித்து மூடிவைத்த புட்டு குசினியில் இருந்தது. வேர்வையில் நனைந்த ஜூடோச் சட்டையோடு நேரே உள்ளே போனாள். சோப்புப் போட்டுக் கை கழுவினாள், தாதி அல்லவா. தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை.

மாமி குசினி வாசலுக்கு வந்தார். “தலைமுழுகேல்லையே பிள்ளை?”

“முழுகிப்போட்டன் மாமி. ஆர், எவடம் எண்டு கேக்கிற கதையை இண்டையோட தலைமுழுகிப்போட்டன். வாற கிழமை யோகா இஞ்ச சாப்பிட வாறா. இந்த மேசையில, எனக்குப் பக்கத்தில இருப்பா.”

மாமி வாசலை விட்டு விலகினார். கமலினி புட்டையும் கறியையும் மேசைக்குக் கொண்டுபோனாள். மிருணாளினி முதலில் தட்டை நீட்டினாள். மோகனதாஸ் தகப்பனைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், பிறகு குனிந்த தலை நிமிராமல் தன் தட்டையும் நீட்டினான். மகேந்திரராஜா கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து அறைக்குப் போனார். மாமி இரண்டு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனார்.

போகட்டும். கமலினிக்கு நல்ல பசி. யோகா பிடித்த இடம் இன்னும் சிவந்திருந்த கையால் புட்டைக் குழைத்து, இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாள்.