வினோதினியிடம் மட்டும் கேட்டார்கள்

இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற மாடிக்குப் போன என் கணவன் சுதீர், கையில் ஒரு துணிப்பையோடு இறங்கி வந்தான். மாடியில் குடியிருக்கிற ஆதவனும் வினோதினியும் கீழ்பென்னாத்தூரில் அவள் அண்ணன் குழந்தைக்குக் காதுகுத்து என்று காலையிலேயே கிளம்பிப் போயிருந்தார்கள். மாற்றுச் சாவி எங்களிடம் இருக்கிறது என்பதற்காக வீட்டைத் திறந்தான். வீட்டுக்குள் பீரோ இருக்கிறது என்பதற்காக அதையும் திறந்தான். பையை ஹால் சோபாவின்மேல் கவிழ்த்தபோது வெள்ளைப் பருத்திக் கயிறு நாலைந்து சுருள் விழுந்தது. ஒவ்வொன்றையும் யாரோ பொறுமையாக அளவெடுத்துச் சுற்றி வைத்திருந்தார்கள். கூடவே முனை மழுங்கிய ஒரு கத்தரிக்கோல்.

"பாத்தியா? நம்ம வீட்டு மாடியிலயே அந்தப் படம் ஓடிட்டிருக்குது" என்றான். முகத்தில் அப்படி ஒரு களை. எங்கள் கல்யாண போட்டோவில்கூட அந்தக் களை கிடையாது.

புருஷனை அவன் இவன் என்று எழுதுகிறாளே என்று யாரும் பதற வேண்டாம். வாயால் 'ஏங்க' என்றுதான் கூப்பிடுகிறேன். மனசுக்குள் அவர் 'அவன்' ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. ஆக்கியது அந்தப் படம்தான்.

அந்தப் படம் என்றால் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். எவனோ ஒரு வெள்ளைக்காரப் பணக்காரன். அவனுக்குச் சொந்தமாக ஒரு தீவு, தீவில் மாளிகை, மாளிகைக்கு அடியில் நிலவறை. வேலை கேட்டு ஒரு பெண் வருகிறாள். அவள் வேண்டாம் என்கிறாள், அவன் கட்டுகிறான், பின்னால் வயலின் அழுகிறது, விடிந்ததும் அவள் சிரித்த முகத்தோடு அவனுக்குக் காபி கொண்டுவருகிறாள். கதை அவ்வளவுதான். தமிழில் குரல் வேறு கொடுத்துத் தொலைத்திருந்தார்கள். அவள் சொல்கிற ஒவ்வொரு 'வேணாம்'மும் புடவைக் கடை விளம்பரக் குரலில் குழைந்து குழைந்து வரும். ஊரே பார்த்தது. பார்த்துவிட்டுத் தூ என்று துப்பியது. துப்பிய வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தது. இரண்டாம் பாகம் வந்தபோது அதையும் விடவில்லை.

நானும்தான் அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். நிலவறைக் கதவு கிரீச்சென்று திறந்தபோது சிரிப்பு வந்தது, சிரித்தேன். அந்தச் சிரிப்பை அவன் சம்மதமாக எடுத்துக்கொண்டான். அடுத்த வாரம் என் துப்பட்டாவாலேயே என் கையைக் கட்டில் காலோடு கட்டினான். வேண்டாம் என்றேன். வலிக்கிறது என்றேன். அழுதேன். "சூப்பரா பண்ற" என்றான்.

அந்த இரண்டு வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது. மறுநாள் முகத்துக்கு நேராகவே சொன்னேன், நான் நெஜமாத்தான் வேணாம்னேன் என்று. "அந்தப் பொண்ணும் நெஜமாத்தான் சொல்லுது. கடைசியில பாத்தியா, அதுவே தேடி வருது" என்றான். இப்படிப்பட்ட அறிவாளியிடம் மேற்கொண்டு என்ன பேசுவது. அதற்குப் பிறகு அவனுக்குத் தோன்றியபோதெல்லாம் அதுதான். நான் வேண்டாம் என்பேன், அவனுக்கு அது வசனம்.

இவ்வளவும் செய்கிற இவன் யார் தெரியுமா. செங்கம் ரோட்டில் எந்தக் கடைக்குப் போனாலும் சப்ளையரை நிற்க வைத்து விசாரணை நடத்துகிறவன். இதுல பூண்டு இருக்குதா, வெங்காயம் இருக்குதா, உருளைக்கிழங்கு போட்டியா, கேரட் போட்டியா, தேன் ஏதாவது ஊத்தியிருக்கியா. அந்தப் பையன் இல்லை என்றால் போதாது, சமையல்காரர் வந்து சொல்ல வேண்டும். எங்கள் ஜைனக் குடும்பத்தில் மண்ணுக்குக் கீழே விளைகிறதைத் தொட மாட்டோம், பிடுங்கும்போது உயிர்கள் சாகும் என்று. நல்ல பழக்கம்தான், நானும் கடைப்பிடிக்கிறேன். ஒரு தட்டு நூடுல்ஸுக்கு அத்தனை கேள்வி கேட்கத் தெரிந்தவனுக்குப் பொண்டாட்டியிடம் ஒரு கேள்வி கேட்க வாய் வரவில்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை.

சுருள்களைக் கையில் வைத்துத் தடவிப் பார்த்தான். ஒன்றைத் தனியே எடுத்தான்.

"இது நமக்கு இருக்கட்டும். இவ்ளோ வச்சிருக்காங்க, ஒண்ணு கம்மியானா தெரியவா போவுது?"

"வேணாம்ங்க. எடுத்த எடத்துலயே வச்சிட்டு வாங்க. எனக்கும் வேணாம்."

"இப்படித்தான் ஆரம்பிக்கும்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய், எங்கள் பீரோவில் அவன் வேட்டிகளுக்கு அடியில் அதைச் செருகினான். இன்றைக்கு ராத்திரிக்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது. மற்றதையெல்லாம் போட்டோ எடுத்து, எதிர் வீட்டு அருணகிரி சாருக்கு அனுப்பிவிட்டான்.

அருணகிரி எங்கள் நகர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். வேங்கிக்கால் பக்கம் புதிதாக முளைத்த எல்லா நகருக்கும் இப்படி ஒருவர் உண்டு. ரிட்டயர் ஆனபிறகு யாருக்காவது தீர்ப்பு சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. குப்பை வண்டி வரவில்லை என்றால் நாலு நாளைக்கு எட்டிப் பார்க்காத மனிதர், போட்டோ பார்த்த பத்தாவது நிமிஷம் செருப்பை வாசலில் கழற்றினார். கயிற்றைப் பார்த்தார். கத்தரியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சவுக்கு ஒண்ணும் இல்லியா?" என்றார். குரலில் ஏமாற்றம். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது எனக்கு.

மாடிக்காரர்கள் சாயங்காலம் திரும்பி வந்ததும் அவர்களை ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். வினோதினி காதுகுத்துக்குக் கட்டிய பச்சைப் பட்டுப்புடவையோடு வந்தாள், தலையில் கனகாம்பரம். டீபாயின்மேல் தங்கள் பை கிடப்பதைப் பார்த்ததும் ஆதவன் முகம் வெளுத்துப்போயிற்று. அவள் முகம் அப்படி ஆகவில்லை. என் மாமியார் ஜ்வாலாமாலினி சமையலறை வாசலில் நின்றார். எதற்கு இந்தக் கூட்டம் என்று அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும்.

"எங்க ரூமுக்குள்ள யாரு போனது?" என்றாள் வினோதினி.

"அத வுடும்மா" என்றார் அருணகிரி. "நீ எதுக்கும் பயப்படாத. நாங்கல்லாம் இருக்கோம். இவரு உன்ன அடிக்கிறாரா?"

"இல்லங்க."

"மெரட்டிக் கட்டுறாரா? புருஷனாச்சேன்னு மறைக்காத."

"இல்லன்னு சொல்றேன்ல."

"அப்போ உன் சம்மதத்தோடதான் இது நடக்குதா?"

அந்த வார்த்தை எங்கள் ஹாலில் விழுந்தபோது எனக்கு உடம்பு ஒரு முறை சிலிர்த்தது. சம்மதம். நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து பால்காரனைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், பட்டாவைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். ஒரு பெண்ணைப் பார்த்து உனக்குச் சம்மதமா என்று ஒருவர் கேட்டு இப்போதுதான் காதால் கேட்கிறேன். அதுவும் அருணகிரி வாயிலிருந்து. அவளை விட்டுவிட்டு ஆதவனைப் பார்த்தும் கேட்டார். அவன், "அவங்களே சொல்லட்டும் சார்" என்று தலையைக் குனிந்துகொண்டான். மறுபடி அவளிடமே வந்தார். மாற்றி மாற்றி அதையே கேட்டார். இல்லை என்று அவள் ஒரு முறையாவது அழுதுவிட மாட்டாளா என்ற ஆசை அவர் கண்ணில் நன்றாகவே தெரிந்தது. படத்தில் இந்த இடத்தில் அவள் அழுவாள்.

வினோதினி அழவில்லை. "ஆமாங்க, சம்மதத்தோடதான். எனக்குத்தான் மொதல்ல ஆசை வந்தது. என்ன பண்றது, எது பண்ணக் கூடாதுன்னு முன்னாடியே பேசிக்குவோம். நான் போதும்னா அவரு நிறுத்திடுவாரு. எத்தனையோ நாளு பாதியில நிறுத்தியிருக்கேன், ஏன்னுகூட கேக்க மாட்டாரு. முடிச்சு அவுக்குற நேரம்கூட ஆவக் கூடாதுன்னுதான் அந்தக் கத்தரி பக்கத்துலயே இருக்கும்."

"படத்துல அப்படி ஒண்ணும் இல்லியே" என்றார் அருணகிரி.

"படத்துல அதெல்லாம் காட்டுனா யாருங்க பாப்பாங்க? பாதி நேரம் நாங்க பேசிக்கிட்டுதான் இருப்போம்."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். போதும் என்றால் நிறுத்துவான். இதைக் கரண்ட் பில் கட்டியாச்சு என்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்கிறாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு பெண் கயிற்றால் கட்டப்படுகிறாள் என்பதற்காக இன்னொருத்தி பொறாமைப்படுவாளா என்று கேட்டால், நான் பட்டேன்.

அருணகிரிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சுதீர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றான். மேடையும் மைக்கும்தான் பாக்கி.

"இத பாருங்க ஆதவன். சம்மதமோ என்னவோ, எனக்குத் தெரியாது. அண்ணாமலையார் ஊரு இது. உலகமே இங்க கிரிவலம் வருது. எங்க குடும்பம் எறும்புக்குக்கூட கஷ்டம் குடுக்காத குடும்பம். ஒரு பொம்பளையக் கட்டிப் போட்டு நோவடிக்கிறத இந்த வீட்டுல நான் அனுமதிக்க முடியாது. மாசக் கடைசியில காலி பண்ணிடுங்க."

வெட்கம் மானம் என்பதெல்லாம் கடையில் வாங்குகிற சாமான் என்றால் யாராவது இவனுக்கு ஒரு கிலோ வாங்கிக் கொடுத்திருக்கலாம். வினோதினி குனிந்து, சுருள்களை ஒவ்வொன்றாகப் பையில் எடுத்து வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒண்ணு கொறையுது" என்றாள்.

"இருந்ததே அவ்ளோதான்" என்றான் சுதீர், உடனே.

நான் எழுந்து உள்ளே போனேன். பீரோவைத் திறந்து, வேட்டிகளுக்கு அடியில் கைவிட்டு, அதை எடுத்துக்கொண்டு வந்து டீபாயின்மேல் வைத்தேன்.

"இவரு வேட்டிக்கு அடியில இருந்துது" என்றேன். "எனக்காக எடுத்து வச்சிருந்தாரு."

அருணகிரி மேல்கூரையைப் பார்த்தார். சுதீர் ஏதோ ஒரு சிரிப்பைக் கொண்டுவரப் பார்த்தான், வாய் ஒரு பக்கம்தான் வந்தது.

"சார்" என்றேன். "இவ்ளோ நேரம் அவளக் கேட்டீங்களே, அதே கேள்விய என்னியும் கேளுங்க."

"என்னம்மா கேள்வி?"

"சம்மதத்தோடதானான்னு."

அருணகிரி சுதீரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், வாசலில் கிடந்த தன் செருப்பைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. "அது புருஷன் பொண்டாட்டிக்குள்ள இருக்குற விஷயம்மா. அதுல நாங்க எப்படி?" என்றார்.

"நாங்களும் புருஷன் பொண்டாட்டிதாங்க" என்றாள் வினோதினி.

"தமாஷ் பண்றா சார் இவ" என்றான் சுதீர்.

"இல்ல. நான் வேணாம்னு சொல்றேன், அழுறேன், இவரு 'சூப்பரா பண்ற'ங்குறாரு. ரெண்டு வருஷமா இது நடக்குது. இதுக்கு மேல நடக்காது. எல்லாரும் இருக்கும்போதே சொல்லிடுறேன்."

அருணகிரிக்குத் திடீரென்று யாரோ போன் செய்தார்கள். மணி அடித்த மாதிரி எனக்குக் கேட்கவில்லை. காதில் வைத்துக்கொண்டே, ஆங் சொல்லுங்க, ஆங் வந்துட்டேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பயப்படாத நாங்கல்லாம் இருக்கோம் என்றவர். ஆதவன் பையை எடுத்துக்கொண்டு படியேறினான். வினோதினி மட்டும் நின்றாள்.

"அக்கா, மேல வரீங்களா? கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரலாம்."

"அப்புறம் வரேன்மா. கீழ வேல இருக்குது" என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். விளக்கு வைத்தபிறகு அன்னத்தைத் தொடுவதில்லை. மாமியார் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு நாளும் அது தவறியதில்லை என்பார்கள். சுதீர் ஒன்றுமே நடக்காதவன் மாதிரி கை கழுவிக்கொண்டு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தான்.

"சாப்பாடு போடு. நேரமாவுது" என்றான்.

"நான் போடல."

"சீன் போடாத த்ரிசலா. அம்மா, நீயாவது போடு."

மாமியார் கையில் கரண்டி இருந்தது. சோற்றுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்திருந்தார், ஆவி வந்துகொண்டிருந்தது. இரண்டு அடி எடுத்து வைத்தால் தட்டு. அவர் நகரவில்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்தார், உள்ளே வா என்று. நான் உள்ளே போனதும் சமையலறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அந்தத் தாழ்ப்பாள் போட்டு நான் பார்த்ததே இல்லை, துரு ஏறி இறுகியிருந்தது, இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது அவருக்கு.

"அன்னிக்குக் கை வீங்கிப்போய் இருந்தியே" என்றார் மெதுவாக. "வாளி இடிச்சிடுச்சின்னு சொன்ன. நான் எண்ணெய் காச்சித் தந்தனே. அது வாளி இல்லியா?"

"இல்ல அத்தை."

அவர் கரண்டியை மேடைமேல் வைத்தார்.

வெளியே சுதீர், "அம்மா, பொழுது போவுது பாரு" என்று கூப்பிட்டான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டான். பிறகு கதவைத் தட்டினான். ஜன்னலில் மலையின் முதுகுக்குப் பின்னால் இருந்த சிவப்பும் போய்விட்டது. சோற்றின் ஆவி அடங்கிப்போயிருந்தது. இருட்டில் அத்தையின் முகம் எனக்குத் தெரியவில்லை, அவர் கை என் மணிக்கட்டைத் தேடிக்கொண்டு வந்தது மட்டும் தெரிந்தது.