மிம்மா பெலார்திக்கு ஒரு டிக்கெட்

கொலோசியத்துக்குள் எப்படிப் போவது என்று ரோம் நகரத்துக்காரர்களிடம் கேட்கக் கூடாது. அவர்களுக்குத் தெரியாது. எந்த டிராம் போகும் என்று சொல்வார்கள். அதன் எதிரே இருக்கிற கடைகளில் காபி குடிக்காதே, கொள்ளையடிப்பான் என்றும் சொல்வார்கள். நீ உள்ளே போயிருக்கிறாயா என்று கேட்டுப் பாருங்கள், "அது எங்க ஓடிடப் போவுது" என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போவார்கள். இரண்டாயிரம் வருஷமாக ஓடாமல்தான் நிற்கிறது. பார்க்க வேண்டிய மனுஷிக்கு அத்தனை ஆயுசு இருக்க வேண்டாமா?

மிம்மா செந்தோசெல்லே பகுதியில் ஒரு ஆரம்பப் பள்ளியின் சமையல்கட்டில் வேலை பார்த்து, போன ஜூன் மாதம் ஓய்வு பெற்றவள். வருஷா வருஷம் ஏப்ரலில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொலோசியத்துக்குக் கூட்டிப் போவார்கள். அன்றைக்குப் பள்ளிக்கு முதல் ஆளாக வருபவள் அவள்தான். ரொட்டியைப் பிளந்து ஹாமும் பாலாடைக்கட்டியும் வைப்பாள். பன்றி ஆகாத பிள்ளைகளுக்கு முட்டை அடை. பொட்டலத்துக்கு ஒரு ஆப்பிள். பஸ் கிளம்பும்போது வாசலில் நின்று கையாட்டிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் தேய்ப்பாள்.

சாயங்காலம் பிள்ளைகள் திரும்பி வந்து சமையல்கட்டு வாசலில் மொய்த்துக்கொள்ளும். தரைக்கு அடியில் ஒரு ஊரே இருக்காம், இருட்டாம், சிங்கத்தைக் கூண்டோடு கயிறு கட்டி மேலே இழுப்பார்களாம், திடீரென்று தரை திறந்துகொள்ளுமாம். ஒன்று சிங்கமாக உறுமும், இன்னொன்று செத்து விழும். மிம்மா கரண்டியும் கையுமாகக் கேட்டுக்கொண்டிருப்பாள். நீயும் ஒரு வருஷம் வாயேன் என்று எந்த டீச்சரும் அவளைக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க முடியாது என்பது வேறு விஷயம். கூப்பிட்டிருக்கலாம்.

ஆகவே ஓய்வு பெற்றதும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். கொலோசியத்தின் அந்த அடித்தளத்துக்கு, விவரம் சொல்ல ஒரு வழிகாட்டியோடு, இத்தாலிய மொழியில், ஒரு தடவை போய் வர வேண்டும். அதுவும் இந்தச் சனிக்கிழமைக்குள். திங்கட்கிழமை அவள் போல்சானோவுக்கு ரயில் ஏறுகிறாள். மகள் இலேனியாவுக்கு அங்கே, வடக்கே மலையடிவாரத்தில் வேலை. குழந்தை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை, மருமகனுக்கு லீவு முடிகிறது. அம்மா வருவாள், குழந்தை நடக்கிற வரைக்கும் பார்த்துக்கொள்வாள் என்று எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள். மிம்மாவும் தலையை ஆட்டிவிட்டாள். நடக்கிற வரைக்கும் என்பது பேசுகிற வரைக்கும் ஆகும், பிறகு பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் ஆகும், அது அவளுக்குத் தெரியாதா என்ன.

அவள் புருஷன் அமெதேயோ மூன்றாம் எண் டிராம் ஓட்டியவன். வேலையில் இருந்த காலமெல்லாம் கொலோசியத்தைச் சுற்றிப் போயும் வந்தும் இருந்தவன். அதனாலேயே அதன்மேல் அவனுக்குத் துளி மரியாதை கிடையாது.

"கல்லு பாக்கணும்னா என் கிட்னியிலயே இருக்கு," என்றான். "ஸ்கேன் படம் பீரோவுல இருக்கு, எடுத்துப் பாத்துக்கோ. வழிகாட்டிகூட வேணாம், நானே விவரம் சொல்றேன்."

மிம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தாள். அன்றைக்குப் பிடித்தது சனியன். ஒரு இடத்துக்குள் போவதற்கு இத்தனை விதம் இருக்கும் என்று அவள் நினைத்ததேயில்லை. அரங்கம் மட்டும். அரங்கமும் மேல்மாடியும். மேல்மாடியும் பக்கத்து இடிபாடுகளும், ஆனால் அடித்தளம் இல்லை. அடித்தளம் உண்டு, ஆனால் வழிகாட்டி இல்லை, காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி தருவோம். 'வீரர்கள் நுழைந்த வாசல் வழியே' என்று ஒன்று. அதைப் படித்து ஆசையாகத் திறந்தால், வாசலைக் காட்டிவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். 'மிகச் சிறிய குழு' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, கீழே எறும்பு எழுத்தில் ஒரு பஸ் கொள்ளும் கூட்டத்தைக் குறிப்பிட்டிருந்தான் ஒரு புண்ணியவான்.

எல்லாம் பொருந்தி ஒன்று கிடைத்தால் அது ஆங்கிலத்தில் இருந்தது. இன்னொன்று ஸ்பானிஷ். அப்புறம் ஜெர்மன். அப்புறம் கொரிய மொழி. அவள் பிறந்த ஊரில், அவள் பேசுகிற மொழியில், ஒரு ஆள் அவளுக்கு அந்த இருட்டைக் காட்டத் தயாராக இல்லை. மிம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அரசாங்கத்து டிக்கெட் இன்ன நாள் இன்ன நேரம் திறக்கும் என்றார்கள். அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்துவிட்டுக் காத்திருந்தாள். திறந்தது. நீ மனுஷிதானா என்று அது கேட்டது. சைக்கிள் இருக்கிற படங்களையெல்லாம் தொடு என்றது. தொட்டாள். ஒரு படத்தில் சைக்கிளின் கைப்பிடி மட்டும் தெரிந்தது, அது சைக்கிளில் சேர்த்தியா இல்லையா என்று யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் டிக்கெட் தீர்ந்து சனிக்கிழமை முழுக்கச் சாம்பல் நிறமாகிவிட்டது. மறுநாள் யாரோ திருப்பிக் கொடுத்த டிக்கெட் இரண்டு தலைகாட்டின. அவள் அடையாள அட்டையைத் தேடி எடுத்து வருவதற்குள் அதுவும் போயிற்று.

"டிராம்ல வந்திருந்தா இந்நேரம் நாலு தடவ சுத்திப் பாத்திருக்கலாம்," என்றான் அமெதேயோ, சோபாவில் படுத்துக்கொண்டு.

மிம்மா கணினியை மூடினாள். சத்தமாக மூடவில்லை. அதுதான் அவனை எழுந்து உட்கார வைத்தது.

"கல்யாணமான நாள்லேர்ந்து உன்கிட்ட நான் என்ன கேட்டிருக்கேன், சொல்லு," என்றாள். "கடலு கேட்டேனா, காரு கேட்டேனா? ஊரு புள்ளைங்க எல்லாம் பாத்துட்டுதேன்னு ஒரு ஆசை. அதுக்கும் படுத்துக்கிட்டு நக்கல் பண்ணு."

அன்று மாலை காபிக் கடைக்குப் போனவன் நேரம் கழித்துத் திரும்பி வந்து, கைபேசியை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். சனிக்கிழமை காலை. அடித்தளம். வழிகாட்டி. இத்தாலிய மொழி. இரண்டு பேர். எப்படி என்று கேட்டதற்குக் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. கடையில் எவனிடமோ கெஞ்சிக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தானே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி முடித்திருக்கிறான். மிம்மா அவனுடைய வழுக்கைத் தலையில் ஒரு முத்தம் கொடுத்தாள். அப்போதே அதை வாங்கி ஒரு தடவை படித்துப் பார்த்திருக்க வேண்டும். அடுப்பில் பாஸ்தா வெந்துகொண்டிருந்தது, பார்க்கவில்லை.

சனிக்கிழமை அவள் தலைமுடியைச் சீர்படுத்திக்கொண்டு, நல்ல நாளுக்கு மட்டும் போடுகிற நீலச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். வழிகாட்டி ஸ்வேவா என்று ஒரு சின்னப் பெண், கையில் மஞ்சள் குடை. குழுவில் இருந்தவர்கள் வெளியூர் இத்தாலியர்கள். நீங்கள் எந்த ஊர் என்று ஒருத்தி கேட்டாள். இதே ஊர்தான் என்று மிம்மா சொன்னபோது, முதல் தடவையா என்று அவள் கண்ணை விரித்தாள். மிம்மாவுக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

வாசலில் காவலாளி ஒவ்வொருவரின் அட்டையையும் வாங்கி டிக்கெட்டோடு ஒப்பிட்டு உள்ளே விட்டுக்கொண்டிருந்தான். அமெதேயோவை விட்டான். மிம்மாவின் அட்டையைப் பார்த்தான். டிக்கெட்டைப் பார்த்தான். மறுபடி அட்டையைப் பார்த்தான்.

"சிஞ்ஞோரா, இது நீங்க இல்லையே."

"வேற யாரு?"

"அட்டையில தொமேனிகா கல்வானின்னு இருக்கு. டிக்கெட்ல மிம்மா பெலார்தின்னு இருக்கு."

அந்த நாட்டில் கல்யாணமானாலும் பெண்ணின் அடையாள அட்டையில் பிறந்த வீட்டுப் பெயர்தான் இருக்கும். பெலார்தி என்கிற புருஷன் வீட்டுப் பெயரும், தொமேனிகாவைச் சுருக்கிய மிம்மா என்கிற செல்லப் பெயரும் ஊரார் வாயோடு சரி, காகிதத்துக்கு வராது. இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அமெதேயோவுக்கும் தெரியும். ஆனால் 'உடன் வருபவர் பெயர்' என்று ஒரு கட்டம் கேட்டபோது அவன் விரல் தானாக அடித்தது மிம்மா பெலார்தி என்று. அதில் அவனுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

அவன் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சண்டைக்கு வந்தான். இவள் என் பெண்டாட்டி, எங்கள் தெருவில் நாயைக் கேட்டாலும் சொல்லும் என்றான். தொமேனிகா என்று கூப்பிட்டால் இவளே திரும்பிப் பார்க்க மாட்டாள் என்றான். வீட்டு வாசல்மணியில் பெலார்தி என்று போட்டிருக்கிறது, வேண்டுமானால் போய்ப் பார் என்றான்.

"வாசல்மணியக் கழட்டிக் கொண்டாந்தாலும் விட முடியாதுங்க," என்றான் காவலாளி. கெட்டவனாகத் தெரியவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.

ஸ்வேவா கைபேசியில் யாரையோ கூப்பிட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை. நேற்றே சொல்லியிருந்தால் பெயரை மாற்றியிருக்கலாம் என்று வருத்தத்தோடு சொன்னாள். அவளுடைய குழு உள்ளே வெயிலில் நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது. நீங்கள் மட்டும் வருகிறீர்களா என்று அமெதேயோவைக் கேட்டாள். அவன் ஒரு தடவை உள்பக்கம் திரும்பிப் பார்த்தான். மிம்மா அதைக் கவனித்தாள். பிறகு அவன் தடுப்பைத் தாண்டி வெளியே வந்தான். மஞ்சள் குடை வளைவுக்குள் போய் மறைந்தது.

மிம்மாவுக்குக் காவலாளிமேல் கோபமில்லை. அவன் சொன்னது சரிதான். மிம்மா பெலார்தி என்று ஒருத்தி இருக்கிறாள், ரொட்டிக்கடைக்காரனுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் டிராம் ஓட்டுநர்களுக்கும் அவளைத் தெரியும், எல்லாருக்கும் அவள் வேண்டும். தொமேனிகா கல்வானி என்று கடைசியாக யார் கூப்பிட்டது? யோசித்துப் பார்த்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில். அங்கேயும் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

"என் பேரு உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லாம என்ன? பாதிரியார் முன்னாடி சத்தமா சொன்னேனே."

"அதுக்கப்புறம் எப்ப சொன்ன?"

அமெதேயோ காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். சமாதானத்துக்கு வந்தவன்போலக் கையைப் பிடித்தான். "விடு. வேணும்னா செஞ்சேன்? பேரன் வளரட்டும். ஸ்கூல் போறப்ப அவனையும் கூட்டிட்டு வருவோம், கையில ரெண்டு ரொட்டி கட்டி எடுத்துட்டு, நாள் முழுக்க இருந்து பாப்போம்."

ரொட்டி என்று அவன் சொல்லியிருக்கக் கூடாது. மிம்மா கையை உருவிக்கொண்டாள். எதிரே இருந்த கல் மேடையில் போய் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கைபேசியை எடுத்தாள். மறுபடி அதே கூத்து. அரங்கம், மேல்மாடி, ஆங்கிலம், கொரிய மொழி. அவன் பக்கத்தில் வந்து நின்றான், வெயில் ஏறுது வா போகலாம் என்றான், பசிக்கிறது என்றான். அவள் நிமிரவில்லை. சைக்கிள் படங்களைத் தொடச் சொன்னது. கைப்பிடி தெரிந்தாலும் சைக்கிள் சைக்கிள்தான் என்று தொட்டாள். அடுத்த வாரம் வியாழக்கிழமை, அடித்தளம், இத்தாலிய மொழி, ஒரே ஒரு இடம். பெயர் கேட்டது. அட்டையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள்.

"வியாழக்கிழமையா?" அமெதேயோ எட்டிப் பார்த்தான். "திங்கக்கிழமை ரயிலு, மறந்துட்டியா? இலேனியா ஸ்டேஷன்ல வந்து நிப்பா."

"நிக்கட்டும். நீ போ."

"நானா? நான் போயி என்ன செய்யறது?"

"டயப்பர் மாத்து. தூங்க வை. சோறு பொங்கு. டிராமே ஓட்டியிருக்க, இது வராதா? நான் இதப் பாத்துட்டு, சனிக்கிழமை வந்து சேர்றேன்."

அவன் சிரித்துப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மகளுக்கு என்ன பதில் சொல்வது என்றான். சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றான். அவள் கைப்பையைத் திறந்து, அவன் கடைக்குப் போய் அச்சடித்து வந்திருந்த ரயில் டிக்கெட்டை எடுத்து, அதில் இருந்த பெயரை ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு அவன் கையில் வைத்தாள்.

"இந்தா. இதுவும் நீ எடுத்ததுதான்."

"இது எப்படி எனக்கு ஆவும்? உன் பேருல்ல போட்டிருக்கு?"

"எங்க, படி பாப்போம்," என்றாள் தொமேனிகா.