எல்லை தாண்டாத சந்தனம்மாள்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எம்.ரெட்டியபட்டி அம்மன் கோயில் வாசலில் ஊரே கூடியிருந்தது. பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டும் நாள். சந்தனம்மாளுக்கு மட்டும் நெஞ்சு படக்குப்படக்கென்று அடித்தது. அன்றைக்குத்தான் மெட்ராஸ் ஹைகோர்ட்டில் அவள் கேசுக்குத் தீர்ப்பு.

சாதாரணக் கேசா அது? அவள் பிறந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில். இலங்கைப் பாஸ்போர்ட்டில் வந்து இந்த ஊர் தவசிக்கு வாக்கப்பட்டு ஒன்பது வருஷம் ஆகிவிட்டது, இரண்டு பிள்ளைகள். கரிசலில் பருத்தி எடுத்து விரலெல்லாம் கீறல். அப்படியிருக்க, அறுபத்தேழில் சர்க்காரிடமிருந்து ஒரு காகிதம் வருகிறது: விசா முடிந்துவிட்டது, நாட்டை விட்டு வெளியேறு! எங்கே போவாள்? அங்கே பெற்றவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தவசி கொதித்துப்போய் வக்கீலைப் பிடித்து வழக்குப் போட்டான். இப்போது தீர்ப்புக் கேட்க மெட்ராஸில் நிற்கிறான்.

முளைப்பாரி போடும் பெண்கள் வரிசையாகக் கையை நீட்டினார்கள். சந்தனம்மாள் முறை வந்ததும் ஊர்ப்பெரியவர் சின்னச்சாமி மஞ்சள் கயிற்றோடு தயங்கினார்.

"தாயி, கோவிச்சுக்கிடாத. காப்புக் கட்டிட்டா எட்டு நாளைக்கு ஊர் எல்லை தாண்டக் கூடாது. தீர்ப்பு மாறிப்போயி போலீசு கூட்டிட்டுப் போனா தெய்வக்குத்தமாயிருமே."

சந்தனம்மாளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"நான் இந்த ஊருக்காரியான்னு மெட்ராசுல கேக்குறாக. நீங்களுமா மாமா கேக்குறீக? கட்டுங்க! தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு, நானா எல்லையத் தாண்ட மாட்டேன்!"

கூட்டத்தில் ஒருத்தி குலவை போட்டாள். அவ்வளவுதான், அத்தனை பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சின்னச்சாமி கயிற்றைக் கட்டினார்.

மறுநாள் காலை ஏட்டு செல்லப்பாண்டி சைக்கிளில் வந்து இறங்கினார். காக்கியைப் பார்த்ததும் மாமியார் மாயக்காள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு குறுக்கே பாய்ந்தாள்.

"எம் மருமகளத் தொட்டுப் பாருங்கய்யா பாப்போம்!"

"அட, என்னையப் பேச விடுங்காத்தா! ஜெயிச்சாச்சு! ஸ்டேசனுக்குப் போன் வந்திருக்கு. புருசன் ஊருதான் பொண்டாட்டிக்கும் ஊரு, இந்தப் பிள்ளை காலத்துக்கும் இங்கனயே இருக்கலாம்னு ஜட்ஜு எழுதிட்டாராம்!"

சந்தனம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக் கட்டிக்கொண்டாள். அதற்குள் சேதி தெரு முழுக்கப் பரவி, யாரோ கொட்டுக்காரரையே கூட்டி வந்துவிட்டார்கள்.

"கெளம்புங்கம்மா," என்றார் ஏட்டு அந்தச் சத்தத்துக்கு மேலே. "திருச்சுழி ஆபீசுல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் இங்க தங்குறதுக்கான காயிதம் தருவாக. இன்னைக்கே வரச் சொல்லியிருக்காக."

சந்தனம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டடி நடந்து, நின்றுவிட்டாள்.

"இன்னைக்கு வர முடியாதுங்கய்யா. காப்புக் கட்டியிருக்கேன்."

"என்னம்மா இது? இதுக்குத்தான இம்புட்டுப் பாடுபட்டீக!"

"எட்டு நாள் கழிச்சு வாரேன்," என்றாள் சந்தனம்மாள். "இனிமே நான் எங்க போயிரப் போறேன்?"